சத்தம், வாடை, சூடு

1983இல் எங்கள் வீட்டில் விளக்குகள் நீங்கலாக மின்சாரத்தில் ஓடியவை மொத்தம் ஏழு: குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, கூரையில் ஒரு மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர், மிக்ஸி, கிரைண்டர். போன வாரம், இப்போது இருக்கும் செங்காங் வீட்டில் அறை அறையாகப் போய் எண்ணினேன். கைப்பேசிகளையும் மடிக்கணினிகளையும் விட்டுவிட்டே 24 வந்தது. அன்றைய ஏழின் குரலும் அம்மாவுக்குத் தனித்தனியாகத் தெரியும். இந்த 24இல் எது எப்படிச் சத்தம் போடும் என்று கேட்டால் என்னால் நாலுக்கு மேல் சொல்ல முடியாது. ஒரு பொருள் பழுதாகப் போகிறது என்பதை அன்று எப்படி அறிந்தோம், இன்று எப்படி அறிகிறோம் என்ற யோசனை இந்த எண்ணிக்கையில்தான் தொடங்கியது.

அப்போது நாங்கள் இருந்தது சிங்கப்பூரின் பஃபலோ சாலையில், புதுச் சந்தையை ஒட்டிய வீவக அடுக்குமாடியில். சந்தை 1982இல் திறந்திருந்தது. பலகையில் சூஜியாவ் என்று எழுதியிருந்தாலும் ஊர் முழுக்கத் தேக்கா என்றே சொன்னது. 2000இல் பலகையும் தேக்கா என்று மாறியது. மிக்ஸியும் கிரைண்டரும் இந்தியாவில் எங்கள் ஊரிலிருந்து எம்.வி. சிதம்பரம் கப்பலில் வந்தவை. கிரைண்டரின் கல்லைச் சாக்கில் கட்டி, மாமா தோளில் சுமந்து இறக்கினார். 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்ததோடு அதன் பயணமும் நின்றுபோயிற்று.

கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மாவரைக்கும் மின் கிரைண்டரைச் செய்தது 1955இல். ஜப்பானில் தோஷிபா நிறுவனம் தானாக அணையும் மின்சார ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அதே 1955இல்தான். ஒரே ஆண்டில் இரண்டு ஊர்களில் பிறந்த இரண்டும் எங்கள் சமையலறை மேடையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இந்தியாவிலும் இங்கும் மின்சாரம் ஏறத்தாழ 230 வோல்ட், 50 சுழற்சி. அதனால் மிக்ஸிக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. உருண்டை முள் பிளக்கை வெட்டிவிட்டு, உள்ளே பியூஸ் வைத்த சதுர முள் பிளக்கை மாட்டினால் போதும்.

அந்த வேலையைச் செய்து கொடுத்தவர், கடைகளின் முன்நடையான அஞ்சடியில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருவர். மேசைமேல் ஒரு பற்றவைப்புக் கோல், ஒரு டெஸ்டர், பால் டின்களில் தரம் பிரித்த ஸ்குரூக்கள், கார்பன் பிரஷ்கள். பொருளைக் கையில் வாங்குவதற்கு முன் அவர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"என்னைக்கிலேர்ந்துக்கா இந்தச் சத்தம்?"

அம்மா நாள் சொல்வார். ஆடி வெள்ளிக்கு மாவு அரைத்தபோது முதலில் கேட்டது, போன வாரம் கூடியது, நேற்று நின்று நின்று ஓடியது. பாதிப் பழுதை அவர் அந்தப் பதிலிலேயே கண்டுபிடித்துவிடுவார். "மோட்டார் திடீர்னு சாகாதுக்கா. மொதல்ல சத்தம் மாறும், அப்புறம் வாடை வரும், கடைசியாச் சூடாகும். சூடு வர்ற வரைக்கும் வச்சிருக்காதீங்க" என்று அவர் சொன்னது அம்மாவுக்குப் பாடம் ஆயிற்று. அந்த மூன்றையும் வைத்துத்தான் எங்கள் வீடு நடந்தது.

முதலில் சத்தம். அன்றைய குளிர்பதனப் பெட்டி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். நிற்கும்போது ஒரு உதறல். மேலே வைத்திருந்த இரண்டு கண்ணாடிப் புட்டிகள் உரசி 'கிணிங்' என்று ஒலிக்கும். இரவில் அந்த ஒலி எத்தனை நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதை அம்மா தூக்கத்திலும் கணக்கு வைத்திருந்தார். புட்டிகள் நெடுநேரம் பேசாமலிருந்தால் பெட்டி ஓய்வெடுக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். காலையில் எழுந்ததும் கதவிடுக்கில் ஒரு ஒற்றை வெள்ளித் தாளை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பார். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் கதவைச் சுற்றிய ரப்பர் தளர்ந்துவிட்டது. இழுபட்டு வந்தால் ரப்பர் சரி. பின்பக்கம் கம்பிச் சுருளில் தூசி அடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிரைண்டர் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றால், கையால் ஒரு தள்ளு. தள்ளியதும் சுற்றினால் கெபாசிட்டர் போய்விட்டது. மோட்டார் ஓடிக் கல் மட்டும் இழுத்து இழுத்துச் சுற்றினால் பெல்ட் தளர்ந்துவிட்டது.

இன்றைய குளிர்பதனப் பெட்டி நின்று நின்று ஓடுவதில்லை. இன்வெர்ட்டர் கம்ப்ரெசர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு, மெல்லிய ஒரே ஓசையில் நாள் முழுக்க ஓடுகிறது. மேலே புட்டி வைத்தாலும் அது ஒலிக்கப்போவதில்லை. இதில் கிடைத்த லாபத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 2008 முதல் சிங்கப்பூரில் குளிர்பதனப் பெட்டிக்கும் குளிர்சாதனத்துக்கும் மின்சிக்கன முத்திரை கட்டாயம். எந்தப் பெட்டி எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதை முத்திரையிலுள்ள டிக் குறிகளைப் பார்த்துக் கடையிலேயே தெரிந்துகொள்ளலாம். அம்மாவின் பழைய பெட்டிக்கு அப்படி யாரும் கணக்குச் சொன்னதில்லை. மாதக் கடைசியில் பியூபி கட்டணச் சீட்டு வந்தால்தான் தெரியும். செலவு குறைந்தது, வீடு அமைதியானது. அந்த அமைதியோடு, நோய் வரப்போவதைச் சொன்ன ஒலியும் போயிற்று.

ஒலி போன இடத்துக்கு எழுத்து வந்திருக்கிறது. சென்ற ஆண்டு எங்கள் சலவை இயந்திரம் பாதியில் நின்று, திரையில் 'ஓஇ' என்று காட்டியது. கையேட்டைப் பார்த்தேன்: தண்ணீர் வெளியேறவில்லை. கீழே இருந்த சிறு மூடியைத் திருகினேன். வடிகட்டியில் ஒரு 20 காசும் சட்டைப் பொத்தானும் சிக்கியிருந்தன. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது, யாரையும் கூப்பிடவில்லை. அம்மாவின் காது எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்காது.

ஆனால் எழுத்து வரும்போது இயந்திரம் ஏற்கெனவே நின்றுவிட்டது. அண்ணன் கேட்ட "என்னைக்கிலேர்ந்து" என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. தொட்டி சுழலும் பேரிங் தேயும்போது பெரும்பாலான இயந்திரங்களின் திரையில் எந்த எழுத்தும் வருவதில்லை. துணி பிழியும் நேரத்தில் விமானம் ஏறுவதுபோல் ஓர் இரைச்சல் மட்டும் வாரத்துக்கு வாரம் வளரும். இப்போதும் அதற்குக் காதுதான் வேண்டும். கதவைச் சாத்திவிட்டு வரவேற்பறைக்குப் போய்விடும் நமக்கு அந்த வளர்ச்சி தெரிவதில்லை.

அடுத்தது வாடை. அன்று மிக்ஸியில் தோசைப்பொடியோ கறிமசாலாவோ அரைக்கும்போது லேசான கரிந்த வாடை வந்தால் அம்மா உடனே நிறுத்திவிடுவார். காயில் கம்பியின் மேல்பூச்சு சூடேறும் வாடை அது. அடியில் உள்ள சிவப்புப் பொத்தான் வெளியே தள்ளிக்கொண்டிருந்தால், பாரம் தாங்காமல் இயந்திரம் தானே நின்றிருக்கிறது. ஆறவிட்டு, உள்ளே போட்டதைக் குறைத்து, பொத்தானை அமுக்கினால் ஓடும். அதே வாடை பாரமில்லாமலே வந்தால் அண்ணனின் மேசைக்குப் போக வேண்டும். பிரஷ் தேய்ந்திருந்தால் சில நிமிட வேலை. காயில் எரிந்திருந்தால் கம்பி முழுவதையும் உருவி மறுபடி சுற்ற வேண்டும். இரண்டு நாள் ஆகும்.

இன்னொரு வாடை இருக்கிறது. பிளக்கோ சுவிட்சோ உள்ளே சூடேறினால், அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து கருவாடுபோல ஒரு வாடை வரும். கீழே ஈரச் சந்தை இருந்த எங்கள் வீட்டில் அதைப் பிரித்தறிவது எளிதில்லை. அம்மா ஒரு வழி வைத்திருந்தார்: "மீன் வாங்காத அன்னைக்கு மீன் வாடை அடிச்சா, பிளக்கைப் பாரு." இந்த ஒரு வாக்கியம் இன்றும் ஒரு எழுத்துகூடப் பழசாகவில்லை. செங்காங்கில் மின்தூண்டல் அடுப்பு இருக்கிறது, காற்றில் பொரிக்கும் பானை இருக்கிறது. இரண்டுமே பழைய ஏழில் பெரும்பாலானவற்றைவிட அதிக மின்சாரத்தை ஒரே பிளக்கின் வழியாக இழுப்பவை. ஆனால் சன்னல்களைச் சாத்திக் குளிர்சாதனத்தைப் போட்டு, நறுமணத் திரவமும் வைத்திருக்கும் வீட்டில் அந்த வாடை மூக்குக்கு வந்து சேரத் தாமதமாகிறது.

மூன்றாவது சூடு. இஸ்திரி போட்டு முடித்ததும் அம்மா பிளக்கைப் பிடுங்கி அதன் முதுகைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். வெதுவெதுப்பு இருக்கலாம். கை எடுக்கவைக்கும் சூடு இருந்தாலோ, முள்ளைச் சுற்றிப் பழுப்பு நிறம் படிந்திருந்தாலோ, உள்ளே கம்பி தளர்ந்திருக்கிறது. பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை, முதலில் பிளக்கைத் திறக்க வேண்டும்.

சூட்டோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது 'ஷாக்'. அன்றைய குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடியை ஈரக்கையால் தொட்டால் சுள்ளென்று இழுக்கும். அதற்கு எங்கள் வீட்டில் கண்ட மருந்து, பெட்டியின் முன்னால் ஒரு மணைப்பலகை. பலகையில் ஏறி நின்று கதவைத் திறக்க வேண்டும் என்பது சட்டம். மின்கசிவு என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது. பெட்டி 'கடிக்கிறது' என்றுதான் சொல்வோம். பீங்கான் பிடிக்குள் கம்பி வைத்த பியூஸ், உடம்பின் வழியே போகும் சிறு மின்சாரத்துக்கெல்லாம் அறுந்து விழாது. இன்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அந்தப் பலகையில் நாங்கள் நான்கு பிள்ளைகள் ஏறி இறங்கினோம்.

1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில் ஆர்சிசிபி என்னும் கசிவு தடுப்புச் சாதனம் கட்டாயமாயிற்று. போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபாடு வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் வீட்டு மின்சாரத்தை அறுத்துவிடும். அதற்கு முன் கட்டிய வீடுகளுக்கும் 2023 ஜூலையில் அந்த விதி வந்தது, பொருத்திக்கொள்ள இரண்டு ஆண்டு அவகாசத்தோடு. இந்த ஒன்றில் மட்டும் அந்தக் காலம் நன்றாக இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மணைப்பலகைக்குப் பதில் இந்தச் சின்ன சுவிட்ச் வந்தது, எத்தனையோ வீடுகளில் ஒரு பிள்ளை மிஞ்சியிருப்பதற்கான காரணம்.

அது விழுவதும் ஓர் அறிகுறிதான். விழுந்ததும் தூக்கிவிட்டு மறந்துவிடுகிறோம். எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு, சுவிட்சைத் தூக்கி, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் எதை மாட்டும்போது விழுகிறதோ அதுதான் கசிகிறது. அதை ஒதுக்கிவைக்க வேண்டும். எதையும் மாட்டாதபோதே விழுந்தால் கோளாறு வீட்டு இணைப்பில் இருக்கலாம்; அதைத் தொட வேண்டியவர் உரிமம் பெற்ற மின்பணியாளர் மட்டுமே.

அறிகுறி தெரிந்த பின் எங்கே போவது என்பதிலும் அன்று வேறு, இன்று வேறு. அன்று படி இறங்கினால் அண்ணனின் மேசை. அவரிடம் இல்லாத உதிரிப் பொருள் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் கிடைக்கும். வேறொரு மிக்ஸியின் வயிற்றிலிருந்து எடுத்த சுவிட்ச் நம்முடையதற்குப் பொருந்தும். ஆக்மா குளிர்பதனப் பெட்டியும், செட்ரான் தொலைக்காட்சியும் இங்கேயே செய்யப்பட்ட காலம் ஒன்று இருந்தது. தொலைக்காட்சியில் படம் மேலும் கீழும் உருண்டால் பின்மூடியைக் கழற்றிக் கருகிய ஒரு பாகத்தை மாற்றினால் போதும். எதற்கும் உதவாது என்று ஆனபின்தான், ஹார்ன் அடித்துக்கொண்டு அடுக்குமாடி அடுக்குமாடியாக வரும், பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரர் எடுத்துப்போவார். போகும்போது நம் கையில் இரண்டு வெள்ளி வைத்துவிட்டுப் போவார்.

இன்று சுங்கை ரோடு சந்தை இல்லை. 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அது மூடப்பட்டது. தொலைக்காட்சித் திரையில் ஒரு கோடு விழுந்தால் முழுத் திரையையும் மாற்ற வேண்டும், அதன் விலை புதுத் தொலைக்காட்சியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. பழுது பார்க்க வருபவர் கருகிய பாகத்தைத் தேடுவதில்லை, பலகையையே மாற்றுகிறார். வந்து பார்ப்பதற்கே ஒரு கட்டணம் உண்டு. புதியது வாங்கினால் பழையதைக் கொண்டு வருபவரே எடுத்துப்போகிறார். மின்கழிவைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைக்கும் ஏற்பாடு 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் அது சட்டமும்கூட.

எடுத்துப்போன பொருள் தெருவில் கிடக்காது, முறையாகப் பிரிக்கப்படும் என்பது பெரிய நிம்மதி. ஆனாலும் அளவைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சேரும் மின்கழிவு ஏறத்தாழ 60,000 டன். ஆளுக்குச் சுமார் 11 கிலோ. மாமா தோளில் சுமந்து வந்த கிரைண்டர் கல் அந்த எடைதான் இருக்கும். குப்பையை எரித்த சாம்பலைக் கொட்டும் செமாக்காவ் தீவு 1999இல் பயன்பாட்டுக்கு வந்தது. இப்படியே போனால் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று சொல்கிறார்கள். பழுதுபார்ப்பை மீட்க முயல்பவர்களும் இருக்கிறார்கள். 2014இல் தொடங்கிய 'ரிப்பேர் கோப்பித்தியாம்' அப்படி ஒன்று. மாதத்தின் கடைசி ஞாயிறு, தொண்டூழியர்கள் மேசை போட்டு உட்கார்ந்து, நம் கையிலேயே திருப்புளியைக் கொடுத்துச் சொல்லித்தருகிறார்கள். அஞ்சடி மேசைக்கு அது தூரத்துச் சொந்தம்.

எதையும் விடாமல் பழுதுபார்த்து வைத்துக்கொள்வதே சரி என்றும் சொல்ல மாட்டேன். இருபது வருடப் பழைய குளிர்பதனப் பெட்டியைக் காப்பாற்றுவதைவிட மாற்றுவது மின்சாரத்துக்கு நல்லது. 2024இல் வீவக குடும்பங்களுக்கு 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு கொடுத்ததும் அந்தக் கணக்கில்தான். நான் வருத்தப்படுவது வேறொன்றுக்கு. ஐந்து வருடம்கூட ஆகாத பொருள், ஒரு ரப்பரோ ஒரு சென்சாரோ மாற்றினால் ஓடியிருக்கக்கூடியது, யாரும் முதல் அறிகுறியைக் கவனிக்காததால் கடைசி அறிகுறிவரை போய் வெளியே போகிறது.

எங்கள் பழைய வீடு இருந்த லிட்டில் இந்தியாவின் கடைகளில் பொருள்களின் போக்கும் திரும்பியிருக்கிறது. அன்று ஊருக்குப் போகிறவர்கள் இங்கிருந்து 'டூ இன் ஒன்' வானொலிப் பெட்டி வாங்கிச் சென்றார்கள். இன்று சிராங்கூன் சாலைக் கடைகளில் கோயம்புத்தூர் கிரைண்டர் சதுர முள் பிளக்கோடு தயாராக இருக்கிறது. ஜாரின் கத்தி மழுங்கினாலோ, அடியில் கறுப்பாகக் கசிந்தாலோ, ஊருக்குப் போகும்போது ஜாரை மட்டும் துணிகளுக்கு நடுவே வைத்து எடுத்துப்போகும் குடும்பங்கள் இப்போதும் உண்டு. அங்கே அதற்கு ஒரு மேசையும் ஓர் அண்ணனும் இன்னும் இருக்கிறார்கள்.

போன மார்ச்சில் ஒரு காலை, அம்மா குளிர்பதனப் பெட்டியிலிருந்து மாவு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது 82 வயது. காது மந்தமாகிவிட்டது; புட்டிகள் ஒலித்தாலும் இனி அவருக்குக் கேட்காது. முந்தைய இரவு பாதி டப்பா வைத்த மாவு மூடியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"ஃபிரிட்ஜு சரியில்ல."

"திரையில மூணு டிகிரின்னு காட்டுதேம்மா" என்றேன்.

"அது காட்டுறதக் காட்டிட்டுப் போவுது. மாவு பொங்கியிருக்குல்ல?"

இரண்டு நாள் கழித்து வந்த பணியாளர் உறைபனி அறையின் பின்தகட்டைக் கழற்றினார். காற்று கீழே இறங்கும் வழியைப் பனிக்கட்டி அடைத்திருந்தது. பனியை அவ்வப்போது உருக்கச் சொல்லும் சென்சார் போய்விட்டது. மேலே ஐஸ் இறுகியிருந்ததால் கீழே குளிர் குறைந்தது எங்களுக்குத் தெரியவில்லை. திரையில் தெரியும் 3, நாங்கள் வைத்த அளவு. உள்ளே இருக்கும் அளவு அல்ல என்றார். இன்னும் சில வாரம் இப்படியே ஓடியிருந்தால் கம்ப்ரெசர் ஓய்வில்லாமல் உழைத்துத் தேய்ந்திருக்கும் என்றும் சொன்னார். விரல் நீளச் சென்சார் ஒன்றை மாற்றிவிட்டுப் போனார். பெட்டி இப்போதும் ஓடுகிறது.

அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்பலேர்ந்து இப்படி?" என்பதுதான். பதில் சொன்னது அம்மா.

அன்றைக்கு அதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மகள், மறுநாள் மாவு டப்பாவின் வெளிப்புறத்தில் நீல மையில் ஒரு கோடு போட்டிருந்தாள். இரவு மாவை வைக்கும்போது கோடு வரைக்கும் ஊற்றுகிறாள். காலையில் பள்ளிக்குப் போகுமுன் கதவைத் திறந்து, மாவு கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.